பொன்னாடைக்குப் போன பத்து நிமிடம்

1. பகல் 1.00. நாணயம் சுண்டப்பட்டது. பூண்டி அணி முதலில் மட்டை பிடிக்க வேண்டும் என்று முடிவானது. ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.

2. 1.01. சிறப்பு விருந்தினர் மைதானத்துக்குள் வந்தார். பின்னால் ஒருவர் பொன்னாடை மூட்டையுடன் வந்தார்.

3. 1.09, நாற்பது விநாடி. முதல் பந்து வீசப்பட்டது.

4. 1.48. மூன்றாவது இன்னிங்ஸ். டவுன் பள்ளி அணி 5, பூண்டி 4. டவுன் அணி மட்டை பிடிக்கிறது. இரண்டு பேர் அவுட்.

5. 1.49. மட்டை பிடித்த பெண் ஷூ லேஸைக் கட்டினாள். பிறகு அடுத்த காலின் லேஸை அவிழ்த்துக் கட்டினாள்.

6. 1.50, இருபத்தைந்து விநாடி. மூன்றாவது அவுட்.

7. ஐம்பது நிமிடம் தாண்டிவிட்டதால் அடுத்த இன்னிங்ஸ் கிடையாது என்று அறிவித்தேன். பூண்டி ஒரு ரன்னில் தோற்றது.

8. 1.52. பூண்டியின் டீச்சர் என் மேசைக்கு வந்தார்.

இது பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமையின் பதிவுத்தாள். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. இப்போது முப்பத்து மூன்று. சாஃப்ட்பால் போட்டிகளின் டைம்கீப்பர், ஸ்கோரர், நடுவர் ஆகிய மூன்று வேலைகளிலிருந்தும் போன மாதம் ஓய்வு பெற்றேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். வார நாட்களில் காய்கறி மண்டிகளின் எலெக்ட்ரானிக் தராசுகளைப் பழுது பார்த்துவிட்டு, வாரக் கடைசியில் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் பயிற்சியாளர்களிடம் திட்டு வாங்குகிற வாழ்க்கையில் பதினோரு வருடம் என்பது முழு சர்வீஸ்தான்.

எங்கள் விதிமுறைத் தாளின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: "பொன்னாடை, புகைப்படம், சிறப்பு விருந்தினர் பந்தடித்தல் ஆகியவை ஆட்ட நேரத்தில் சேராது." புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இதைப் படித்துச் சிரிக்கிறார்கள். இந்த வருடம் நேரம் பார்க்கும் வேலை ஃபோன் செயலிக்குப் போகிறது. அதில் ஏற்ற வசதியாக இந்த வரியை எடுத்துவிடலாமா என்று கமிட்டியில் கேட்டார்கள். எடுக்காதீர்கள் என்றேன். காரணம் கேட்டார்கள். அதனால் இது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாலிடெக்னிக்கில் கருவியியல் டிப்ளமோ படித்தேன். பள்ளியில், மட்டைக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கிற கேட்சராக ஆடி ஒரு விரல் வளைந்தது. நடுவர் வகுப்பு மூன்று ஞாயிறு நடந்தது. இரண்டாவது ஞாயிறு மழை. அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு அணி மட்டை பிடிக்கும், மூன்று பேர் அவுட் ஆனதும் அடுத்த அணி பிடிக்கும். பேஸ் என்கிற மூன்று முனைகளையும் தொட்டுச் சுற்றி வந்தால் ஒரு ரன், நடுவில் பந்தால் தொட்டுவிட்டால் அவுட். இரண்டும் சேர்ந்தால் ஒரு இன்னிங்ஸ். ஒழுங்காக நடந்தால் ஏழு இன்னிங்ஸ். எங்கள் போட்டிகளில் யாரும் ஏழைப் பார்த்ததில்லை, ஏனென்றால் நேர வரம்பு உண்டு. வரம்பு தாண்டினால் புதிய இன்னிங்ஸ் தொடங்காது, ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் முடிக்கலாம். இங்கே ஒரு நுணுக்கம்: ஒரு இன்னிங்ஸின் கடைசி அவுட் விழுகிற நொடியிலேயே அடுத்த இன்னிங்ஸ் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதனால் 49.59க்கு அவுட் விழுந்தால் இன்னொரு முழு இன்னிங்ஸ். 50.01க்கு விழுந்தால் வீட்டுக்குப் போகலாம்.

நேர வரம்பு எங்கிருந்து வருகிறது? நுழைவுக் கட்டணத்திலிருந்து. அந்த வருடம் ஒரு அணிக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். முதலில் பன்னிரண்டு அணி, ஆட்டத்துக்கு எழுபது நிமிடம் என்று திட்டம். மைதானம் ஒன்றுதான். பிறகு பழனியிலிருந்து ஒரு அணி கேட்டது, கன்னிவாடியிலிருந்து இன்னொன்று. காசோடு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்லும் பழக்கம் எங்கள் கமிட்டிக்குக் கிடையாது. பதினாறு அணி ஆனபோது எழுபது நிமிடம் ஐம்பதாகியிருந்தது. அதாவது, கூட்டம் சேரச் சேர ஒவ்வொருவரும் அதே காசுக்குக் குறைவாக ஆடினார்கள். முதல் சுற்றிலேயே தோற்ற அணிக்கு நிமிடத்துக்கு முப்பது ரூபாய். எங்கள் ஊர் ஏரியில் படகு ஓட்டுவதைவிட விலை அதிகம். படகுக்காரர்கள்கூட டிக்கெட் வாங்குகிற நேரத்தைச் சவாரியில் சேர்ப்பதில்லை.

நேர வரம்பு மனிதர்களை என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம். கன்னிவாடி அணி ஒருமுறை நான்கு ரன் பின்தங்கி மட்டை பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு அவுட், மீதி ஒரு நிமிடம். அடுத்து வரவேண்டிய பெண்ணுக்கு மட்டையைப் பிடிக்கவே பயம். இப்போதே அவுட் ஆகிவிட்டால் இன்னொரு இன்னிங்ஸ் கிடைக்கும் என்று அவர்கள் கோச் கணக்குப் போட்டார். மூன்றாவது பேஸில் நின்ற பெண் நேராக நடந்து கேட்சரிடம் போய், பந்தால் என்னைத் தொடு என்று நின்றாள். கேட்சர் விவரமானவள். பந்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஒருத்தி அவுட் ஆக்கச் சொல்லிச் சுற்றிச் சுற்றி வருகிறாள், இன்னொருத்தி மாட்டேன் என்று விலகி விலகிப் போகிறாள். விதிப்புத்தகத்தில் இதற்கு எந்தப் பக்கத்தையும் நான் கண்டதில்லை.

எங்கள் போட்டிச் செயலாளர் ஞானமுத்து சார் இதையெல்லாம் பார்த்துச் சிரித்ததும் இல்லை, கோபப்பட்டதும் இல்லை. உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் கடிகாரம் கட்ட மாட்டார். யூக்கலிப்டஸ் மரத்தடியில் ஒரு பள்ளிக்கூட டெஸ்க்கைப் போட்டு உட்கார்ந்திருப்பார். யாராவது ஆட்சேபம் என்று வந்தால் இரண்டு தரப்பையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பார். ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பார். டீ ஆறும்வரை யாரும் பேசக் கூடாது. எங்கள் ஊர்க் குளிரில் டீ ஆற இரண்டு நிமிடம் போதும். அதனால் அவருடைய நீதிமன்றத்தில் வழக்கு தேங்குவதில்லை. தீர்ப்பு எழுதுவது போட்டி அட்டவணையின் பின்பக்கத்தில். எழுதியதும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், மீதி டீயையும் குடிக்க வேண்டும்.

இனி அந்தச் சனிக்கிழமை.

அரையிறுதி ஆட்டம். பூண்டி அணி பூண்டும் கேரட்டும் விளைகிற மேல்மலையிலிருந்து ஒரே ஜீப்பில் பதினான்கு பேராக வந்திருந்தது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலி என்பதால், கணக்கு டீச்சர் முருகேஸ்வரிதான் கோச். பந்து வீசுகிற பிட்சர் செல்வராணி பத்தாம் வகுப்பு. வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வருடம். விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர்கள் ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டிக்கு மட்டும் வருவதாக இருந்தது. அரையிறுதியில் தோற்றால் அவளை யாரும் பார்க்கப்போவதில்லை. இது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும், சிறப்பு விருந்தினரைத் தவிர.

அவர் பரிசுக் கோப்பைகளுக்குப் பணம் கொடுக்கிற ஹோட்டல் முதலாளி. நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் அவசரப்பட மாட்டார்கள். இரண்டு அணியிலும் சேர்த்து இருபத்தாறு பேருக்கும் தனித்தனியாகப் பொன்னாடை போர்த்தினார். ஹெல்மெட் போட்டிருந்த பெண்களுக்கு ஹெல்மெட்டுக்கு மேலேயே போர்த்தினார். குழுப் படம் எடுத்தார்கள். ஈரக்காற்றில் கேமரா கண்ணாடி மங்கிப் போயிருந்ததைப் பிறகுதான் கவனித்து, மறுபடியும் எடுத்தார்கள்.

கடைசியாக, விருந்தினர் முதல் பந்தை அடித்துத் தொடங்கி வைக்க வேண்டும். மட்டையில் பந்து படாமல் அவரை அனுப்புவது மரியாதை இல்லை. டவுன் அணியின் பிட்சர் பதற்றத்தில் வேகமாக வீசினாள். மூன்று முறை வீசினாள், மூன்றும் படவில்லை. ஞானமுத்து சார் செல்வராணியைக் கூப்பிட்டார். அவள் பொன்னாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நீங்க பேட்ட ஆட்டாதீங்க. அப்படியே வச்சுக்கோங்க. நான் அதுல போடுறேன்" என்றாள்.

போட்டாள். டொக்கென்று பட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். இவ்வளவு நேரமும் என் கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. விதிமுறைத் தாளில் "நாணயம் சுண்டியதும் கடிகாரம் தொடங்கும்" என்று இருந்தது. சுண்டினார்கள், தொடங்கினேன். நடந்தவற்றையெல்லாம் நேரத்தோடு குறித்தும் வைத்தேன். தராசில் எந்த எண் நிற்கிறதோ அதை எழுதுவதுதான் என் தொழில். அது ஏன் அங்கே நிற்கிறது என்று அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆட்டத்தின் முடிவை மேலே பட்டியலில் பார்த்தீர்கள். முருகேஸ்வரி டீச்சர் என் மேசைக்கு வந்து, குரலை உயர்த்தாமல், வகுப்பில் கணக்குக் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஏம்மா, நாங்க கட்டுன காசு அம்பது நிமிசத்துக்கா, நாப்பது நிமிசத்துக்கா?"

"அம்பதுக்குத்தான் டீச்சர்."

"அப்ப அந்தப் பத்து நிமிசத்த யாரு விளையாண்டது?"

பதிவுத்தாள் கட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார், பின்னாலேயே நானும். அதற்குள் மஞ்சு என்கிற மலை மூடுபனி இறங்கி மைதானத்தின் பாதியை மறைத்துவிட்டது. மூன்றாவது பேஸ்வரைதான் தெரிந்தது.

பெஞ்சில் ஒரு முனையில் டீச்சர், மறுமுனையில் டவுன் அணிக் கோச் ராபின் சார். ராபின் சார் தவறான ஆள் இல்லை. லேஸ் கட்டச் சொல்லிக் கொடுத்தது அவர்தான், அதை மறைக்கவும் இல்லை. டீ ஆறியது.

ராபின் சார் விதிமுறைத் தாளைக் காட்டி, டாஸ் என்றுதானே போட்டிருக்கிறது, ரூல் ரூல்தானே என்றார். ஞானமுத்து சார் ஒப்புக்கொண்டார். போட்டி தொடங்கிய பிறகு விதியை மாற்ற அவருக்கே அதிகாரம் இல்லை. டைம்கீப்பர் தப்புச் செய்திருந்தால் மட்டும் திருத்தலாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ தப்புப் பண்ணுனியாம்மா?"

"இல்ல சார். தாள்ல உள்ளபடிதான்."

"வெரசாச் சொல்லாத. யோசிச்சுச் சொல்லு" என்று எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார்.

நான் யோசித்தேன். யோசிக்க வேண்டியது நிறைய இருந்தது. தப்பு என்று கையெழுத்துப் போட்டால் அது என் மதிப்பீட்டுத் தாளில் ஏறும். நேரப் பிழை ஏறியவர்கள் அந்த வருடம் அடுத்த நிலை நடுவர் தேர்வு எழுத முடியாது. தேர்வு இரண்டு மாதத்தில் இருந்தது. புத்தகத்தை நான் கலர் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன். செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போடும் தியாகி நான் இல்லை. இன்றும் இல்லை.

முருகேஸ்வரி டீச்சர் பதிவுத்தாள் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், வெள்ளிக்கிழமைத் தாளில் நின்றார்.

"இது என்னம்மா? 'காட்டுமாடு, நாலு நிமிசம், கடிகாரம் நிறுத்தம்'னு கெடக்கு?"

முந்தைய நாள் மூன்றாவது ஆட்டத்தில் ஒரு காட்டுமாடு மைதானத்துக்குள் வந்து நின்றது. எங்கள் ஊரில் அது அதிசயமில்லை. அது போகும்வரை கடிகாரத்தை நிறுத்தினேன். தடங்கல் ஏற்பட்டால் டைம்கீப்பர் நிறுத்தலாம் என்று தாளிலேயே ஐந்தாவது விதி உண்டு.

"அது டேஞ்சர் டீச்சர்" என்றார் ராபின் சார்.

"அது பாட்டுக்கு நின்னுட்டுப் போயிருச்சு. ஒரு பிள்ளைக்கும் பொன்னாடை போத்தல" என்றார் டீச்சர்.

ராபின் சாரே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது சரி. மாட்டுக்கு நிறுத்திய கை முதலாளிக்கு ஏன் நிறுத்தவில்லை? நிறுத்த வேண்டும் என்று தோன்றாமல் இல்லை, தோன்றியது. அவர் ஐந்தாவது பெண்ணுக்குப் பொன்னாடை போர்த்தும்போதே என் கட்டைவிரல் பொத்தானில் இருந்தது. விருந்தினரைத் தடங்கல் என்று பதிவுத்தாளில் எப்படி எழுதுவது என்று விட்டுவிட்டேன். அதுதான் தப்பு. ஐந்தாவது விதியை எனக்கு யாரும் மறைக்கவில்லை.

"தப்புத்தான் சார்" என்றேன்.

அட்டவணையின் பின்பக்கத்தில் நானே எழுதினேன்: "நாணயம் சுண்டிய பின் ஏற்பட்ட தடங்கலுக்குக் கடிகாரத்தை நிறுத்தாதது டைம்கீப்பரின் பிழை. தடங்கல் நேரம் ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி." ஞானமுத்து சார் படித்துப் பார்த்தார். தடங்கல் யார் என்று எழுதவில்லையே என்று கேட்டார். வேண்டுமா சார் என்றேன். வேண்டாம், கோப்பைகள் இன்னும் கடையிலிருந்து வரவில்லை என்றார்.

கணக்கு இப்படி: வரம்பு ஐம்பது நிமிடம். மூன்றாவது அவுட் விழுந்தபோது உண்மையில் ஆடியது நாற்பது நிமிடம் நாற்பத்தைந்து விநாடி. மீதி ஒன்பது நிமிடம் பதினைந்து விநாடி. எனவே நான்காவது இன்னிங்ஸ் உண்டு. மஞ்சு விலகாததால் மறுநாள் காலை ஏழு மணிக்கு. ராபின் சார் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒன்பதே கால் நிமிடத்துக்காகத் தன் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை எழுப்பப்போவதைப் பற்றி ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார். பூண்டிப் பிள்ளைகள் பள்ளி வகுப்பறையில் தங்கினார்கள். ஜீப் திரும்பிப் போனது, அதற்கு மறுநாள் பூண்டு ஏற்றுகிற சோலி இருந்தது.

மறுநாள் வெள்ளனே எல்லோரும் வந்துவிட்டார்கள். புல் நனைந்திருந்தது. நான் கடிகாரத்தை இரண்டு முறை சரிபார்த்தேன். முதல் பந்து பிட்சரின் கையை விட்டதும் அழுத்தினேன்.

பூண்டி இரண்டு ரன் எடுத்தது. ஈரப் பந்து டவுன் அணியின் கையில் வழுக்கியது, அதையும் சொல்லிவிட வேண்டும். பூண்டி 6, டவுன் 5. அப்போது மீதி இரண்டு நிமிடம், பூண்டிக்கு இரண்டு அவுட். இப்போது சீக்கிரம் அவுட் விழுந்து, டவுன் அணியும் சீக்கிரம் ஆடி முடித்தால் ஐந்தாவது இன்னிங்ஸ் வந்துவிடலாம். முன்னிலையில் இருப்பவர்களுக்கு அது தேவையில்லாத வம்பு.

மட்டை பிடிக்க வந்த பூண்டிப் பெண் குனிந்து லேஸைக் கட்டினாள். பிறகு அடுத்த கால். பிறகு ஹெல்மெட்டின் வாரைக் கழற்றி மாட்டினாள். முருகேஸ்வரி டீச்சர் மிக அக்கறையாக யூக்கலிப்டஸ் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லேஸ் கட்டுவதைத் தடங்கலாக எடுக்க ஐந்தாவது விதியில் இடமில்லை, முதல் நாளும் நான் எடுக்கவில்லை. கடிகாரம் ஓடியது. ராபின் சார் என் பின்னால் வந்து நின்றார்.

"ஒரே ராத்திரியில கத்துக்கிட்டாங்க பாருங்க" என்றார். குறை சொல்கிற குரல் இல்லை, கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

நேரம் முடிந்தது. பூண்டியின் மூன்றாவது அவுட்டும் விழுந்தது. டவுன் அணி கடைசியாக மட்டை பிடித்தது. செல்வராணி பதினொரு பந்தில் மூன்று பேரையும் அனுப்பினாள். மூன்றாவது ஆள் முந்தைய நாள் லேஸ் கட்டிய பெண். இந்த முறை அவள் குனியவே இல்லை.

பத்தரைக்கு நடந்த இறுதிப் போட்டியில் பூண்டி 2-11 என்று தோற்றது. தேர்வாளர்களின் வேன் மலைப்பாதை நெரிசலில் மாட்டி மூன்றாவது இன்னிங்ஸுக்குத்தான் வந்து சேர்ந்தது. அவர்கள் பார்த்தது பதினேழு நிமிடம். அதற்குள் செல்வராணியின் பெயரை எழுதிக்கொண்டார்கள். டவுன் அணி ஆடவில்லை என்பதால் அந்த அணியில் யார் பெயரையும் எழுதவில்லை. இதையும் நான் பதிவு செய்தாக வேண்டும். ஒருவருக்குத் திருப்பிக் கொடுத்த நிமிடம் இன்னொருவரிடமிருந்து எடுக்கப்பட்டதுதான். ராபின் சார் அதை என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. பொன்னாடை வரி அடுத்த வருட விதிமுறைத் தாளில் ஏறியது.

செல்வராணி ஜூன் மாதம் சமவெளியில் இருக்கும் விடுதிக்குப் போனாள். நான்கு மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். அடுத்த வருடம் மண்டியில் தராசு பார்க்கப் போனபோது கேரட் மூட்டைகளோடு நின்றாள். ஏன் வந்துவிட்டாய் என்று கேட்டேன்.

"வெளையாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுக்கா. வெக்கதான் தாங்கல. ராத்திரியும் வேர்க்குது. அங்க மனுசங்க எப்படித்தான் இருக்காங்களோ."

எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. ஒரு வருடத் தேர்வை விட்டுக்கொடுத்தவள் நான். அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொல்வதற்கும் ஒன்றுமில்லை. அவர்கள் ஐம்பது நிமிடத்துக்குக் காசு கட்டினார்கள், ஐம்பது நிமிடம் ஆடினார்கள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது கட்டணத்தில் சேராது.

இப்போதைய நிலவரம்: நுழைவுக் கட்டணம் மூவாயிரம். ஆட்ட நேரம் இன்னும் ஐம்பது நிமிடம். அணிகள் பதினெட்டு, இன்னும் இரண்டு கேட்டிருக்கின்றன. ஞானமுத்து சார் மகள் வீட்டில் இருக்கிறார், நலம். நடுவர் தேர்வை நான் ஒரு வருடம் தாமதமாக எழுதித் தேறினேன். செல்வராணிக்குச் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது, திங்களும் வியாழனும் சரக்கு ஏற்றுகிறாள், ஞாயிற்றுக்கிழமை பூண்டியில் பெண்கள் அணிக்குப் பந்து வீசுகிறாள். அங்கே கட்டணம் கிடையாது, நேர வரம்பும் கிடையாது. போன வாரம் ஒரு ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸும் ஆடி முடித்தார்கள்.